நோட்டில் எழுதிய படிக்கட்டு

அந்த ஆறு மாடி ஆபீஸில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவள் பம்பரம். பத்தொன்பது வருஷமாக அங்கே கூட்டித் துடைக்கிறவள். ஒருநாள் ஒருபொழுது உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடுகூட ஜன்னல் கட்டையில் டப்பாவை வைத்து, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். "உக்காந்தா ஒட்டிக்கும்டி" என்பாள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். இருந்த காலமெல்லாம் உட்கார்ந்தே இருந்தான். உட்கார்ந்தபடியே போயும் சேர்ந்தான். அவனுக்கும் சேர்த்துத் தானே நிற்க வேண்டும் என்று இவள் அன்றைக்கே முடிவு கட்டியிருப்பாள் போல.

கூடவே வேலை பார்த்தவள் ரேடியோ. வாய் ஓயாதவள் என்பதால் அந்தப் பெயர். பம்பரத்தின் உண்மை முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அங்கே ஒவ்வொரு கழிப்பறைக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மணிக்கொரு கட்டம். துடைத்தவள் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மணிக்கொரு தரம் ஆறு மாடியும் ஏறி இறங்கித் துடைக்க எந்த மனுஷியால் முடியும், சொல்லுங்கள்! அதனால் மூன்று மூன்று கட்டமாகச் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசருக்கும் அது தெரியும். தரை எப்படிக் கிடந்தால் அவருக்கென்ன, கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பம்பரத்துக்குப் பேனா பிடித்த பழக்கமெல்லாம் அந்தத் தாளோடு சரி. நடந்திருக்க வேண்டியதை எழுதுவாள். நடந்ததை யார் கேட்டார்கள்?

போன மழைக்காலத்தில் அவளுக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உடம்பு வெலவெலத்துப் போகும். நாலாம் மாடி படிக்கட்டுக்கு அடியில் துடைப்பம், பினாயில் எல்லாம் வைக்கிற பொந்து போன்ற அறை உண்டு. அங்கே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சைப் பிடித்து அடைத்த மாதிரி படபடவென்று அடிக்கும். ஒரு அடி வேகமாக, ஒரு அடி மெதுவாக, நடுவில் ஒரு அடியே காணோம். இருபது நிமிஷத்தில் அடங்கும். அதுவரை ரேடியோ கதவுக்கு வெளியே மாப்பு போடுகிற பாவனையில் காவல் நிற்பாள்.

காவல் எதற்கு? அதற்கு முந்தின மாதம்தான் ஒருத்தி லிஃப்ட் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள் என்று சூப்பர்வைசர் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "உக்கார்றதுக்கு இங்க ஆள் எடுக்கல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பாவி மனுஷன், அதைச் சொல்லும்போது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் கம்பெனியே ஒரு மருத்துவ முகாம் போட்டது. நர்ஸ் இவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், திரும்பவும் பிடித்தாள், வாட்ச் மாதிரி ஒரு கறுப்புப் பட்டையைக் கையில் கட்டிவிட்டாள்.

"ஏழு நாள் கழட்டாதீங்கக்கா. இது உங்க துடிப்பைப் பதிஞ்சுக்கிட்டே இருக்கும். படபடப்பு வந்தா மணி என்ன, அப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்கன்னு இந்த நோட்டுல எழுதுங்க. கடைசி நாள் நோட்டை உங்க சூப்பர்வைசர்கிட்ட குடுத்துடுங்க, எங்களுக்கு வந்துரும்."

சூப்பர்வைசர்கிட்ட! அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று.

முதல் நாள் மத்தியானம் இரண்டு இருபதுக்கு வந்தது. பக்கெட் மேல் உட்கார்ந்தபடியே நோட்டைத் திறந்து, 'ஆறாம் மாடி படிக்கட்டு துடைத்தேன்' என்று எழுதினாள்.

எட்டிப் பார்த்த ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, இது டாக்டர் பாக்குற நோட்டு. உக்காந்திருந்தேன்னு எழுதித் தொலையேன்."

"எழுதி? நாளைக்கு எனக்குப் பதிலா நீ வீட்டுக்குப் போறியா? மணி சரியாத்தானே போட்டிருக்கேன். மணிதான் முக்கியம். என்ன செஞ்சா என்ன, நெஞ்சு ஒண்ணுதானே!"

ஏழு நாளில் ஐந்து தடவை வந்தது. ஐந்தும் பக்கெட் மேல். நோட்டில் படிக்கட்டு, கண்ணாடி, வராந்தா, மறுபடி படிக்கட்டு, மறுபடி கண்ணாடி. கட்டம் ஒன்றும் காலியில்லை.

பத்து நாள் கழித்து முகாம் டாக்டர் வந்தார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கதவோரத்தில் சூப்பர்வைசர் ஆட்கள் பட்டியலோடு நின்றிருந்தார்.

"அஞ்சு இடத்துல துடிப்பு தாறுமாறா காட்டுதும்மா. ஆனா அஞ்சும் நீங்க துடைச்சிட்டிருந்த நேரம். கை ஆடினா இந்தப் பட்டை உளறும், அதனால அதையெல்லாம் கணக்குல எடுக்க முடியாது. சும்மா உக்காந்திருக்கும்போது இப்படி வந்திருந்தாதான் உடனே பெரிய டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அப்படி ஒண்ணும் வரலையே?"

பம்பரத்துக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். கதவோரம் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"இல்லைங்க டாக்டர்."

அன்று மாலை வீட்டில் மகள், டாக்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற பெண். "ஒண்ணும் இல்லையாம்மா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எதைச் சொல்ல? டாக்டர் தனியாக ஆஸ்பத்திரியில் இருக்கும்போது போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். லீவு கிடைக்கட்டும் என்று ஒரு வாரம், மாடிக்கு ஆள் குறைவு என்று ஒரு வாரம். இப்படியே நாற்பது நாள் ஓடிற்று.

நாற்பத்தோராம் நாள் காலை மூன்றாம் மாடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். துணி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். வலது கை தன்னுடையதாகவே இல்லை. கண்ணாடிக்குள் தன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதைத் தானே பார்த்தாள். ரேடியோவைக் கூப்பிட்டாள். சத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் பெரிய டாக்டர் மகளிடம் பேசினார். கட்டிலில் கிடந்தவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

"துடிப்பு ஒழுங்கா இல்லைம்மா. அதனால நெஞ்சுல ரத்தம் உறைஞ்சு, மூளைக்குப் போய் அடைச்சிருக்கு. இது கொஞ்ச நாளாவே இருந்திருக்கணும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையில பெரும்பாலும் தடுத்திருக்கலாம்."

மகள் பையைக் கவிழ்த்து ரிப்போர்ட்டை எடுத்தாள். "ஏழு நாள் பட்டை கட்டிப் பாத்தாங்களே சார்! ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்களே! அந்த டாக்டரைச் சும்மா விட மாட்டேன். எங்க அம்மா பேச்சையே பறிச்சிட்டானே, நாசமாப் போக!"

கால்மாட்டில் நின்ற ரேடியோ இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அந்தப் புள்ளையைத் திட்டாதடி. அது நோட்டுல இருந்ததைத்தான் படிச்சுது. உங்கம்மா துடைக்கல. அஞ்சு தடவையும் உக்காந்திருந்தா. நான்தான் கதவுல நின்னேன். உக்காந்தது தெரிஞ்சா வேலை போயிரும்னு மாத்தி எழுதிட்டா. நானும் சொல்லாம இருந்துட்டேன், என்னைச் செருப்பால அடி."

மகள் அவளை அடிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கட்டிலோரம் குனிந்து, கோணிப்போன அந்த வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"உக்காந்தது ஒரு தப்பாம்மா? அதைப் போய் மறைப்பியா? என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

பதில் அவளிடம் இருந்தது. பயந்துட்டேன்டி. அவ்வளவுதான், ஒரே வார்த்தை. நாக்கைத் தூக்கினாள், உதட்டைக் கூட்டினாள், உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். "ஆ... ஆ..." என்று காற்றும் எச்சிலும்தான் வந்தன.

"என்னம்மா? தண்ணி வேணுமா?" என்றாள் மகள். "எங்கயாவது வலிக்குதா? சொல்லும்மா, என்ன?"