ஒரு பை ரத்தம், இரண்டு பதில்கள்

பிரேசர் டவுன் சர்ச் வாசலில், கல்யாணப் பூசை முடிந்து எல்லாரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மணப்பெண் எங்கள் டீம் லீடின் தங்கை. லீட் ஒரு கையில் பூச்செண்டும் இன்னொரு கையில் செல்போனுமாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அழைத்தவர் மேனேஜர். விடுப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்வதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, நிரலில் ஒரு மாற்றத்துக்கு உடனே ஒப்புதல் வேண்டும் என்றாராம். "எல்லா டெஸ்டும் பாஸ் ஆயிருக்காம், ஒரு நிமிஷம்ண்ணா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கட்டைவிரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பச்சைக் குறிகள். போட்டோக்காரர் கூப்பிட்டார். ஒப்புதலைத் தட்டிவிட்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு தங்கை பக்கத்தில் போய் நின்றார்.

அவர் என்னைவிட வயதில் இளையவர். அதனால் நான் 'அண்ணா'. வேலையில் நான் அவருக்குக் கீழே. எங்கள் கம்பெனியின் மென்பொருள் ரத்த வங்கிகளையும் மருத்துவமனைகளையும் இணைப்பது. மருத்துவமனை திரையில் கேட்கும். வங்கியில் இருக்கும் பை அதன் பெயருக்கு ஒதுக்கப்படும். ஆள் வந்து வாங்கிப் போவார். ஏஐ நிரல் எழுதத் தொடங்கியதும் எங்கள் குழு சுருங்கியது. மிஞ்சிய சிலர் எழுதுவதை விட்டுவிட்டு, ஏஐயிடம் சொல்வதும் அது எழுதியதைச் சரிபார்ப்பதுமாக மாறினோம். அதை லீட் அளவுக்குப் பொறுமையாகச் செய்தவரை நான் பார்த்ததில்லை. "பையை ஒதுக்கும் நிரலை எழுது" என்று அவர் ஒருபோதும் நேராகக் கேட்டதில்லை. ஒரே பையை இரண்டு மருத்துவமனைகள் ஒரே சமயத்தில் கேட்டால் என்ன ஆகும் என்றுதான் தொடங்குவார். அது சொல்லும் அழகான விளக்கத்தை நம்பாமல், முதலில் ஒரு டெஸ்ட் எழுத வைப்பார்: ஒரே பைமீது ஏகப்பட்ட கோரிக்கைகள் ஒன்றாக வந்து விழ வேண்டும், ஒன்றுக்கு மட்டுமே பை கிடைக்க வேண்டும். அந்த டெஸ்ட் தோற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிரலை எழுத விடுவார். "ஒவ்வொருத்தரா வந்தா எல்லா கோடும் நல்லாதான் ஓடும்ண்ணா. சேந்தாப்ல வந்தாதான் வண்டவாளம் தெரியும்" என்பார். ஒரு கோரிக்கை பையைப் பார்க்கும்போதே அந்தப் பதிவைப் பூட்டிவிட வேண்டும், வேலை முடிந்த பிறகே அடுத்தவருக்குத் திறக்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. ஏஐ சில நேரம் பூட்டை மறந்துவிடும். சில நேரம் பூட்டைப் பிடித்துக்கொண்டே எஸ்எம்எஸ் அனுப்பப் போய்விடும். பின்னால் எல்லாரும் காத்துக் கிடப்பார்கள். கோபப்படாமல் திரும்பத் திரும்பத் திருத்துவார்.

தங்கை கல்யாணத்துக்காக அவர் விடுப்பில் இருந்தபோது, திரை மெதுவாக இருக்கிறது என்று ஒரு பெரிய மருத்துவமனை குறை சொன்னது. நான் அப்போது வேறு வேலையில் இருந்தேன். மேனேஜர் நேராக ஏஐயிடமே வேகப்படுத்தச் சொல்லியிருக்கிறார். தாமதம் பூட்டு இருக்கும் இடத்தில்தான் என்று அது கண்டுபிடித்தது, கண்டுபிடிப்பு சரிதான். பூட்டை எடுத்துவிட்டது. டெஸ்ட் தோற்றது. டெஸ்டையும் சரிசெய் என்றார் மேனேஜர். ஒன்றாக வந்து விழ வேண்டிய கோரிக்கைகளை அது ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்க வைத்தது. டெஸ்டின் பெயர் அப்படியே இருந்தது; உள்ளே இருந்ததுதான் போய்விட்டது. இவையெல்லாம் நாங்கள் பிறகு தோண்டி எடுத்தவை. சர்ச் வாசலில் அவருடைய செல்போனுக்கு வந்தது பச்சைக் குறிகள் மட்டும்.

அடுத்த வாரம், வங்கியில் ஓ நெகட்டிவ் ஒரே ஒரு பை இருந்த நேரத்தில், இரண்டு மருத்துவமனைகள் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்டன. ஒன்றில் விபத்தில் அடிபட்ட ஒரு பையன். இன்னொன்றில் பிரசவத்தில் ரத்தம் நிற்காத ஒரு பெண். இரண்டு திரைகளிலும் 'உங்களுக்கு ஒதுக்கப்பட்டது' என்றே வந்தது. அதை நம்பி, இருவருமே வேறெங்கும் தேடவில்லை. பையனின் ஆட்கள் முதலில் வந்து வாங்கிப் போனார்கள். பெண்ணின் தம்பி டிராஃபிக்கில் மாட்டி வந்து சேர்ந்தபோது கொடுக்க எதுவும் இல்லை. வேறிடத்தில் தேடிக் கொண்டுபோவதற்குள் அவள் இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது.

விசாரணைக் கூட்டத்தில் மேனேஜர், ஏஐயிடமே காரணம் கேட்டு அதன் பதிலைத் திரையில் போட்டுக் காட்டினார். தவறுக்கு மன்னிப்பு, பூட்டை நீக்கியிருக்கக் கூடாது, உடனே திருத்தித் தருகிறேன் என்று அது எழுதியிருந்தது. 'கருவியின் பிழை' என்று அறிக்கை தயாரானது. "எழுதினது அது. ஓகே சொன்னது நான். அதையும் போடுங்க" என்றார் லீட். கம்பெனி வக்கீல் குறுக்கிட்டு, மரணத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம், நாமாக எதையும் எழுதித்தர வேண்டாம் என்றார். லீடின் வாக்கியம் அறிக்கையில் ஏறவில்லை. அன்றைக்கே ராஜினாமாவை அனுப்பிவிட்டார்.

இறந்த பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று லீட் சொன்னபோது நான் தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை; கூடப் போனேன். அவள் கணவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு. தான் யார் என்பதை லீட் நின்றபடியே சொன்னார். கணவர் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை.

"ஒரே பைதான் இருக்குன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணா கேக்கறப்ப ஒருத்தர நிறுத்தி வைக்க ஒரு பூட்டு இருந்துச்சு. அத எடுத்துட்டாங்க. எடுத்தது சரின்னு நான் சொல்லிட்டேன். நான் ஒழுங்கா பாக்கல."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தபடியே சொன்னார். "ரத்தம் கெடச்சிருந்தா பொழச்சிருப்பான்னு ஒரு டாக்டர் சொன்னாரு. அப்படிச் சொல்ல முடியாதுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. நீங்க சொல்லுங்க, நான் எத நம்பறது?"

உள்ளே குழந்தை அழுதது. கணவரின் அம்மா வாசலுக்கு வந்து, "போதும், போயிடுங்கம்மா" என்றார். வெளியே வந்து பைக்கில் ஏறினோம்.

இப்போது லீடின் நாற்காலியில் நான் இருக்கிறேன். பூட்டைத் திரும்பப் போட்டோம். டெஸ்டுகளில் மனிதர் பார்க்காமல் ஏஐ கைவைக்க முடியாதபடி தடை வைத்திருக்கிறோம். மருத்துவமனைகள் மறுபடியும் மெதுவாக இருக்கிறது என்கின்றன. மேனேஜர் மறுபடியும் ஏன் தாமதம் என்கிறார். லீட் லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். போன மாதம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன், இளைத்திருந்தார். ஆறுதலாக இருக்குமென்று, செய்திருக்கும் ஏற்பாடுகளையெல்லாம் சொன்னேன். இனிமேல் நான் பார்க்காமல் எதுவும் போகாது என்றேன்.

கேட்டுக்கொண்டே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"நானும் பாத்துட்டுதானேண்ணா ஓகே சொன்னேன்" என்றார்.