பூநாரையும் பொரித்த மீனும்

ராமேஸ்வரத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்பவர்களிடம் நான் கோயிலையும் பாலத்தையும் சொல்வதில்லை. தனுஷ்கோடி சாலையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைத்தான் சொல்கிறேன்.

அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அவர் கடைக்கு எதிரே, முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடிக்கொண்டிருந்தன. அவை பறப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்றார் என் மச்சான். வேன் டிரைவர் ஆரனை நீளமாக அடித்தார். வருகிற எல்லா வண்டிக்காரர்களும் செய்வதுதானாம். அத்தனை பறவைகளும் அரண்டு எழும்பின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார். வாய் திறக்கும்போதெல்லாம் கரண்டியால் சட்டி விளிம்பைத் தட்டுவார். இப்போது தட்டிய வேகத்தில் எண்ணெய் தெறித்தது.

"எம்புட்டுத் தூரத்துல இருந்து வருதுக! திங்கிறதை எதுக்குய்யா வெரட்டுறீக?"

"பறவைதானேம்மா, மறுபடி வந்து உட்காரும்" என்று சிரித்தார் மச்சான்.

அந்த அம்மா பொரிந்த மீன்களை அள்ளினார். எங்களுக்கும் டிரைவருக்கும் மீனைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நாங்கள் ஒரு வாய் வைத்ததும் விறுவிறுவென்று வேனுக்குப் போய், ஜன்னல் வழியே கையை விட்டு ஆரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. எல்லோரும் பதறி எழுந்தோம். மச்சானின் மீன் மணலில் விழுந்தது.

அந்த அம்மா எங்களைக் காட்டி டிரைவரிடம் கேட்டார்:

"ஏலே, வீடியோ எடுத்தியா? நல்லாத்தான் பறக்குறாக."