கிள்ளிய கொடி

சௌந்தரவல்லி துணிப்பையோடு படியேறினாள் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் தெற்கு ரத வீதிக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். மாமி நலம் விசாரிக்க வரவில்லை, செடி கிள்ள வந்திருக்கிறாள். வீட்டுக்காரியும் "இருங்க மாமி, அடுப்புல பால் இருக்கு" என்று உள்ளே போய்விடுவாள். அடுப்பில் பாலும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது. மாமி கிள்ளி முடிக்கட்டும் என்றுதான் போவது. கேட்டு வாங்கி வைத்த மணி பிளாண்ட் வராது, யாருக்கும் தெரியாமல் கிள்ளி வைத்தால்தான் தழைக்கும் என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. மணி பிளாண்டுக்கு ஊர் கொடுத்த அந்தச் சலுகையை மாமி தானாகவே குரோட்டன்ஸுக்கும் பிகோனியாவுக்கும் நீட்டிக்கொண்டாள். ஒருத்தரும் கோபித்ததில்லை. அவர்களும் அவள் வீட்டுக்கு வந்து கிள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

இதெல்லாம் தொண்ணூறுக்கு முந்திய கதை. அதற்கு அப்புறம் அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நின்று, "ஒரு கிளை தரேளா?" என்று வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தாள். கேட்டால் வராதே மாமி என்று சிரித்தார்கள். வரலேன்னா போறது என்பாள். ஏன் அப்படி மாறினாள் என்று யாருக்கும் தெரியாது. அவளாகச் சொன்னதும் இல்லை.

அவள் தோட்டம் என்பது மொட்டை மாடிதான். டால்டா டப்பா, ஓட்டை வாளி, கழுத்து நசுங்கிய குடம், எதில் மண் நிற்குமோ அதிலெல்லாம் ஒரு செடி இருக்கும். கீழே ஜன்னலுக்கு ஜன்னல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஒரு கொடி. மல்லிகை, கனகாம்பரம் என்று ஊரில் எல்லாரும் வைக்கிற பூவில் அவளுக்கு நாட்டம் இல்லை. நிறம் மாறுகிறதா, இதழில் புள்ளி இருக்கிறதா, பூ இலை மாதிரியும் இலை பூ மாதிரியும் இருக்கிறதா, அதுதான் வேண்டும். தெரு முக்கில் பூக்கட்டி விற்கிற கருத்தம்மாள், மாடிக்கு வரும்போதெல்லாம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள்.

"இம்புட்டுப் பூவு வச்சிருக்கீக மாமி. சாமிக்கும் ஆவாது, கொண்டைக்கும் ஆவாது. பொறவு என்னத்துக்கு?"

"கண்ணுக்குடி. கண்ணுக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

சாயங்காலம் காபி டம்ளரோடு கைப்பிடிச் சுவர் ஓரம் உட்கார்ந்தால் மேற்கே செண்பகத்தோப்பு மலை முழுசாகத் தெரியும். மேகம் இறங்கி மலையின் பாதியைத் தின்றுவிட்டு நிற்கும். மலை அப்படியே வளைந்து தெற்கே ராஜபாளையத்தை நோக்கிப் போகும். காபி ஆறிப்போனதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவள் கணவர் ஹயக்ரீவன் படியேறி வந்து ஏதாவது கேட்டால் பதில் கிடைக்காது.

எண்பத்தேழு ஆடிப்பூரத்தன்று தேர் அவர்கள் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஊரே தேரைப் பார்க்க, ஒரு மனிதர் மட்டும் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் வாசல் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, நரைத்த முறுக்கு மீசை. சௌந்தரவல்லிக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப் போயிற்று. பெயர் வைகுண்டராஜ், ராஜபாளையத்தில் மில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹயக்ரீவன் வேலை பார்த்த ராஜபாளையம் பாங்கில்தான் அவருக்குக் கணக்கு.

"எங்க வீட்லயும் ஒரு கொடி இருக்கும்மா," என்றார். "பூவு மெழுகுல வார்த்து வச்ச மாதிரி இருக்கும். குட்டிக் குட்டி நட்சத்திரம், கொத்துக் கொத்தா. தொட்டுப் பார்த்தாத்தான் நெசப் பூவுன்னு நம்புவீங்க. வீட்டுக்காரிக்குக் கை கால் விழுந்து, பேச்சும் நின்னு போச்சு. ஒரு கைதான் அசையும். அவ படுத்துக்கிட்டே பார்க்கட்டும்னு ஜன்னல் கம்பியில ஏத்தி விட்டிருக்கேன்."

"பூக்கறச்சே சொல்லி அனுப்புங்கோ. நான் வந்து பார்க்கறேன்."

மறு கோடையில் பாங்க் மூலமாகச் சேதி வந்தது. மொட்டு விட்டிருக்கிறது, அம்மாவை வரச் சொல்லுங்க என்று. சௌந்தரவல்லி துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீடு முடங்கியார் ரோட்டில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை, ஜன்னல் கம்பி முழுக்கத் தடித்த பச்சை இலைக் கொடி, அதற்குக் கீழே கட்டில். கட்டிலில் வெங்கடம்மா. ஒல்லியான முகம், பெரிய கண்கள். சௌந்தரவல்லி கைகூப்பியபோது கண் மட்டும் ஒருதரம் மூடித் திறந்தது.

"மொட்டு அவ பக்கமாத்தான் இருக்கு, இலைக்குப் பின்னாடி. நான் வந்து காட்டுதேன். மொதல்ல காபி குடிங்க," என்று வைகுண்டராஜ் அடுப்பங்கரைக்குப் போனார்.

போனவுடன் சௌந்தரவல்லிக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. பழக்க தோஷம். வீட்டுக்காரர் உள்ளே போகிறார் என்றால் கிள்ளிக்கொள் என்று அர்த்தம், அவள் ஊரில் அப்படித்தான். கட்டிலைப் பார்த்தாள். வெங்கடம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தால் என்ன, சொல்லவா போகிறாள் என்று ஒரு நினைப்பு சௌந்தரவல்லிக்கு வந்தது. வந்ததென்னவோ ஒரு கண நேரம்தான். ஆனால் வந்தது. அப்படி ஒரு நினைப்பு தன் மனசில் வந்ததை நினைத்து நினைத்துத்தான் பின்னால் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. கை அதற்குள் இலைகளுக்குப் பின்னால் நுழைந்து, நகத்தால் ஒரு துண்டைக் கிள்ளிப் பைக்குள் போட்டுவிட்டது.

அவர் ஒரு கையில் காபியும் மறு கையில் சின்னத் தொட்டியும் கொண்டு வந்தார். தொட்டியில் மெழுகுப் பூக் கொடி, புது இலை விட்டிருந்தது.

"போன வருசம் நீங்க சொன்ன அன்னைக்கே உங்களுக்குன்னு பதியன் போட்டுட்டேன். வேர் நல்லாப் பிடிச்சிருச்சு, எடுத்துட்டுப் போங்க."

சௌந்தரவல்லி துணிப்பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினாள். அவர் குனிந்து இலைகளை விலக்கினார். மறுபடி விலக்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"காலையில இருந்துச்சேம்மா. இந்த வருசம் விட்டதே அந்த ஒரு கொத்துத்தான்." அறுந்த இடத்தைத் தடவினார். "காம்போட போயிருச்சு. இந்தக் கொடிக்கு ஒரு குணம் உண்டும்மா, பூத்த காம்புலயேதான் வருசா வருசம் திரும்பப் பூக்கும். அதனால நாங்க பூவைப் பறிக்கவே மாட்டோம். அணில் கடிச்சிருக்கும் போல."

"இருக்கும்," என்றாள் சௌந்தரவல்லி.

அப்போதுதான் வெங்கடம்மாவின் கை மெல்ல உயர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காற்றில் எதையோ கிள்ளின. மறுபடி கிள்ளின. அவர் ஓடிப் போய்க் குனிந்து, தெலுங்கும் தமிழுமாக, "ஏமி காவால? என்ன வேணும்?" என்று கேட்டார். விரல்கள் கிள்ளிக்கொண்டே இருந்தன. "சீனியா? சீனி கேக்குதியா?" என்று உள்ளே போய் ஒரு சிட்டிகை சீனி எடுத்து வந்து வாயில் போட்டார். அவள் அதை விழுங்கவில்லை. சீனி எச்சிலோடு கடைவாயில் வழிந்தது. அவர் துண்டால் துடைத்துவிட்டார். வெங்கடம்மாவின் கண்கள் சௌந்தரவல்லியை விட்டு நகரவே இல்லை.

பஸ்ஸில் பையைத் திறந்து பார்த்தாள். கிள்ளிய துண்டின் நுனியில் இளஞ்சிவப்பாக மொட்டுக் கொத்து, கைக்குழந்தை விரல்கள் மாதிரி குவிந்திருந்தது. வெளியே வீச மனசு வரவில்லை. வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள். இரண்டொரு நாளில் மொட்டெல்லாம் உதிர்ந்தது.

ஆனால் கொடி வந்தது. அந்த வயிற்றெரிச்சலை என்ன சொல்ல? அவர் ஆசையாகக் கொடுத்த தொட்டி முறைத்துக்கொண்டு அப்படியே நிற்க, திருடிய துண்டு வேர்விட்டு, தொட்டிக்கு மாறி, ஜன்னல் முழுக்கப் படர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மாமிக்குக் கைராசி என்றார்கள். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எதிர்வீட்டு ஸாவித்ரி துணிப்பையோடு வந்து நின்றபோது, "அதுல கை வைக்காதே" என்று எரிந்து விழுந்தாள். சாயங்காலம் மாடிக்குப் போனாலும் மலை தெற்கே வளைகிற பக்கம் பார்க்க முடியவில்லை. காபியை நின்றபடியே குடித்துவிட்டு இறங்கிவிடுவாள். எழுதிப் போட்டுவிடலாமா என்று யோசித்தாள். என்னவென்று எழுதுவது? படித்த குடும்பம், பாங்க் உத்தியோகஸ்தர் பெண்டாட்டி, நோயாளிக் கட்டிலடியில் திருடினாள் என்றா? அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள்.

மறு கோடை தாண்டி ஒரு சனிக்கிழமை ஹயக்ரீவன் பாங்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"உன் வைகுண்டராஜ் வந்திருந்தார், பாவம். அந்தம்மாவுக்குப் புத்தி பிசகிடுத்தாம். எந்நேரமும் விரலை இப்படி இப்படிக் கிள்ளிண்டே இருக்காளாம். உப்பு, சீனி, மூக்குப்பொடி, ஆண்டாள் சன்னதித் துளசி, எதைக் கொடுத்தாலும் துப்பிடறாளாம். பிள்ளை கோயம்புத்தூர்லேர்ந்து வந்து, இனிமே வீட்ல வச்சுக்கக் கூடாது, பைத்தியத்துக்குப் பார்க்கற ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்ங்கறானாம். திங்கக்கிழமை மதுரைக்குக் கொண்டு போறாளாம்."

சௌந்தரவல்லி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன என்று அவர் கேட்டதற்குத் தலைவலி என்றாள். உள்ளே ஜன்னலில் அந்தக் கொடி அப்போதுதான் முதல் முறையாக மொட்டு விட்டிருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கொடியை ஜன்னலிலிருந்து பிரித்துச் சுருட்டி, முதல் பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னான். மாட்டேன் என்றாள்.

வைகுண்டராஜ் வாசலில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மீசை தொங்கிப் போயிருந்தது. "மகன் டாக்ஸி சொல்லப் போயிருக்கான். நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க, ஒருவாட்டி பார்த்துக்கிடுங்க," என்றார்.

உள்ளே வெங்கடம்மாவுக்குத் தலைவாரி, வெளுத்த புடவை கட்டிவிட்டிருந்தார்கள். ஜன்னல் கம்பி மொட்டையாக இருந்தது. ஒரு இலை இல்லை.

"கொடி எங்கே?"

"அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தானம்மா கிள்ளுவா. அதுல ஏதோ பூச்சி கீச்சி கண்டு பயப்படுதாளோன்னு அறுத்துப் போட்டுட்டேன். அப்படியும் நிறுத்தலை." அவர் குரல் இறங்கிற்று. "போன வாரம் பொறுக்க மாட்டாம, கையிலயே அடிச்சுட்டேன்."

கட்டிலில் அந்தக் கை உயர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன, ஜன்னல் பக்கம் காட்டின, கிள்ளின. ஒரு வருஷத்துக்கு மேலாக யாருக்கும் புரியாமல் அதையேதான் அவள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சௌந்தரவல்லி தொட்டியை அந்தக் கை எட்டுகிற தூரத்தில் கட்டில் ஓரமாக வைத்தாள்.

"அவா ஒண்ணும் கேக்கலை," என்றாள். "சொல்றா. அந்த மொட்டை அணில் கடிக்கலை. நீங்க காபி போடப் போனப்போ நான்தான் கிள்ளினேன். அவா பார்த்துண்டே இருந்தா. பேச முடியாதவதானேன்னுதான் கிள்ளினேன். நீங்க அணில்னப்போ ஆமாம்னேன். அவா வாயில சீனி போட்டப்போவும் சும்மா நின்னேன். இது அந்தத் துண்டுதான். அவாளுக்குப் புத்தி நன்னாத்தான் இருக்கு."

காற்றில் இருந்த கை மெல்ல இறங்கிப் படுக்கை மேல் விழுந்தது. விரல்கள் விரிந்தன.

இத்தனை நாளும் சௌந்தரவல்லி பயந்துகொண்டிருந்தது அந்தக் கண்களுக்குத்தான். ஆனால் வெங்கடம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியையும் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கட்டிலடியில் உட்கார்ந்து, தான் அடித்த அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"தெலீலேது," என்றார். "எனக்குத் தெரியலையே, வெங்கடம்மா."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சௌந்தரவல்லி சுவரோரம் நின்றாள். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. யாராவது தன்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. வெளியே டாக்ஸி வந்து நின்று ஹாரன் அடித்தது.

வைகுண்டராஜ் தலையை நிமிர்த்தவில்லை. "வண்டி வேண்டாம்னு சொல்லிருங்கம்மா," என்றார்.

அவள் வாசலுக்கு வந்தாள். மகன் டாக்ஸிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். டிரைவர் எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள், வெங்கடம்மாவை வழியனுப்ப என்று தெருவில் கூடியிருந்தார்கள்.

"வண்டி வேண்டாமாம். உங்கம்மாவுக்குப் புத்தி பிசகலை. அப்பா சொல்லச் சொன்னார்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க யாரு?"

பாங்க் ஹயக்ரீவன் சம்சாரம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை.

"நான்தான்பா உங்க வீட்டுக் கொடியைத் திருடினவ," என்றாள்.