போட்டோவுக்காக ஒரு காது மிஷின்

போன வாரம் என்னை மொழிபெயர்ப்பாளராக்கிவிட்டார்கள்.

வலியசாலையில் எங்கள் தெருக்காரன் மணி ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர். காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வாங்கித் தருகிறார்கள். பணம் தரும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் பார்வையிட வந்திருந்தார். நிறுவனத்தைச் சேராத ஒருவர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

"அரை மணிக்கூர்தான் அண்ணா" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி மணி அழைத்துப்போனான்.

சாலை பஜாருக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை வீடு. தாய் மாரிச்செல்விக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஹோட்டலில் காய்கறி நறுக்குகிறார். மகள் இசக்கி இரண்டாம் வகுப்பு. காதில் கருவி. எதிரே போட்டோகிராஃபர்.

குழந்தைக்கு இப்போது நன்றாகக் கேட்கிறதா என்றார் அம்மையார். தமிழில் கேட்டேன்.

"எங்க சார் கேக்குது? ரெண்டு மாசமா மிஷினு ஓடல. ஸ்கூல்ல டீச்சர் சொல்லுதது ஒண்ணும் வெளங்கலன்னு அழுதா. போட்டோவுக்கு மட்டும் மாட்டிவிடச் சொல்லுதாங்க."

மணி என் பக்கம் குனிந்தான். "அண்ணா, ஒரு கொழப்பமும் இல்லைன்னு சொன்னா மதி, அது போதும். ஃபண்ட் நின்னுதுன்னா பாக்கிக் கொழந்தைகளுக்கு யார் தருவா?"

"எதுக்கு சார் ரகசியம்?" என்றார் மாரிச்செல்வி. "எம் மவளுக்குத்தான் காது கேக்காது. எனக்கு நல்லாவே கேக்கும்."

மணி சொன்னதும் பொய்யில்லை. மற்றவர்களும் குழந்தைகள்தானே? ஆனாலும்... நானும் மறைத்துவிட்டால் இசக்கிக்காக யாரிடம் முறையிடுவது? பணம் கொடுத்தவர்களுக்கு வண்ணப் படங்களோடு அறிக்கை போகிறது. வாங்கிக்கொண்டவர்களுக்கு யார் பதில் சொல்வது? கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம் — பெற்றவர் கேள்வி கேட்டால், நன்றி இல்லாதவர் என்கிறோம்.

உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன்.

தங்களிடம் மாரிச்செல்வி என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்கச் சொன்னார் அம்மையார்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம் சார். போட்டோ பிடிக்க ஆள் வரும்போது, கூடவே மிஷினு ரிப்பேர் பாக்குற ஆளையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். உடனே அனுப்புவதாக அம்மையார் சொன்னார். மணியும் தலையாட்டினான்.

ஒரு வாரம் ஆகிவிட்டது. ரிப்பேர் பார்க்கும் ஆள் இன்னும் வரவில்லை. நிறுவனத்தின் அறிக்கையில் போட்டோ வந்துவிட்டது — காதில் கருவியோடு இசக்கி... வெகு தெளிவாக.