பன்னிரண்டு குழுவும் ஒரே தவறு: ஆரணிக்கு ஒரு நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் கல்பனா. பி.எட். படிக்கும்போது எனக்குப் பக்கத்து பெஞ்சு. இப்போது ஆரணியை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பன்னிரண்டு டேப்லெட் வாங்கி, மூன்று மாதச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். விளையாட்டு வழியாகப் பாடம் நடத்தி, பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் உண்டு என்று காட்டினால் டேப்லெட் அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் தேசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விடும். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நீயே வந்து நடத்திக் கொடு, எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். பயப்படுவதில் நான் அவளுக்கு அக்கா என்பதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். இரண்டு வருடமாக வகுப்பில் டேப்லெட்டில் வினாடி வினா வைத்து, அதைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதியும் வருகிறேன். வேறு பள்ளிக்குப் போய் ஒரே நாளில் இப்படி நடத்திக் காட்ட முடியுமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் முந்தின வாரமே தூக்கம் போய்விடும்.

பையில் இருந்தவை: இரண்டு போன், இரண்டு பவர் பேங்க், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எல்லாமே கைவிட்டால் காப்பாற்ற அச்சடித்த வினாத்தாள் நாற்பது. இரண்டு போன் எதற்கு என்று என் கணவர் கேட்டார். பெரும்பாலான போன்களின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நேரத்தில் பத்துக் கருவிகள்தான் இணையும். டேப்லெட் பன்னிரண்டு. இந்தக் கணக்கை நான் ஒரு வாரம் முன்பே போட்டுப் பயந்து முடித்திருந்தேன்.

காஞ்சிபுரத்தில் காலை 6.20-க்குப் பஸ். ஆரணி சுமார் அறுபத்து மூன்று கிலோமீட்டர், செய்யாறு வழி, டிக்கெட் 58 ரூபாய். செய்யாற்றில் 7.30-க்கு நின்று பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியது. வழியெல்லாம் நான் போனில் எத்தனை கோடு சிக்னல் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அடுத்த கவலை மின்சாரம். வெள்ளிக்கிழமையில் பராமரிப்பு மின்தடை ஏதும் உண்டா என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"தறி ஓடற ஊருங்க அது. கரண்டு போச்சுன்னா ஊரே ஈபி ஆபீஸ் வாசல்ல போயி நிக்கும். நீங்க பேஜார் ஆவாதீங்க" என்றார்.

அவர் சொன்ன பிறகு ஐந்து கிலோமீட்டர் தூரம் நிம்மதியாக இருந்தேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி 8.40. எதிரே ஒரு ஓட்டலில் பொங்கலும் காபியும் 60 ரூபாய். பொங்கல் நன்றாகவே இருந்தது, பாதிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. அங்கிருந்து பள்ளி மூன்றரை கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன்.

ஆட்டோ ஒரு விசைத்தறித் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கொட்டகைகள். சத்தத்தில் டிரைவர் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. ஒரு கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்த ஆளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்த ஆள் தறியை விட்டு நகராமல் கையாலேயே ஏதோ சொன்னார். டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டார். தெருவைத் தாண்டியதும் என்னவென்று கேட்டேன். முன்னால் பைப்புக்குத் தோண்டி வைத்திருக்கிறார்களாம், சுற்றிப் போகச் சொன்னாராம். இவ்வளவையும் கையிலேயே சொல்லிவிட்டாரா என்று வியந்தேன். தறி வீட்டுக் குழந்தைகூட இப்படித்தான் பேசும் என்றார் அவர். நல்ல விஷயம், ஊர் திரும்பி எழுத வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டேன், மடச்சி.

9.10-க்குப் பள்ளி. கல்பனா வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் போன மாதத்து வினாடி வினா மதிப்பெண் அறிக்கை. ஏழாம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள், டேப்லெட்டுக்கு மூன்று பேராகப் பன்னிரண்டு குழு. பின்னங்கள் பாடத்தில் சராசரி 96 சதவீதம். இதை ஏற்கெனவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் அனுப்பியிருந்தாள். அவ்வளவு நன்றாகப் படிக்கிற வகுப்புக்கு நான் எதற்கு என்றுகூடத் தோன்றியது.

9.40-க்கு ஒத்திகை பார்த்தோம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு விடை. இரண்டு ஹாட்ஸ்பாட்டும் ஒழுங்காக இணைந்தன. கேள்வி திரையில் வந்த ஐந்தாறு வினாடியில் எல்லாக் குழுவும் அழுத்திவிட்டன. ஒன்பது கேள்விக்குப் பன்னிரண்டு குழுவும் சரி. கல்பனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் உச்சி குளிர்ந்தது.

பிறகு ஏழாவது கேள்வியைப் பார்த்தேன். முக்காலில் பாதி எவ்வளவு? பன்னிரண்டு குழுவும் 6/8 என்று போட்டிருந்தன. தவறு. அந்தக் கேள்வியில் தப்பு விட ஒரு வகுப்புக்கு ஆயிரம் வழி இருக்கிறது. பன்னிரண்டு குழுவும் ஒரே தப்பை ஒரே நேரத்தில் எப்படி விடும்? குளிர்ந்த உச்சி அப்படியே வியர்த்தது.

இரண்டு கேள்வி மறுபடி வைத்தேன். இந்த முறை திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் யமுனா என்று ஒரு பெண். கேள்வியைப் படித்தாள், இரண்டு விரலைக் கத்தரிபோல ஒருமுறை அசைத்தாள். எல்லாரும் ஏ அழுத்தினார்கள். அடுத்த கேள்விக்கு முஷ்டியை மடக்கி லேசாகச் சுழற்றினாள். எல்லாரும் பி.

யமுனாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டோம். மறைக்கவே இல்லை. தறிக் கொட்டகையில் இரண்டு விரல் என்றால் இழை அறுந்துவிட்டது, முஷ்டி சுழற்றினால் தார் தீர்ந்துவிட்டது, அதாவது நூல் சுற்றிய குச்சி காலி. உள்ளங்கையைத் தூக்கினால் தறியை நிறுத்து, மோவாயைத் தொட்டால் வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள். இந்த நான்கையும் நான்கு விடைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது காப்பி அடிப்பதில்லையா என்று கல்பனா கேட்டாள்.

"காப்பி இல்ல டீச்சர். இழை அறுந்தத பாத்துட்டு சொல்லாம இருந்தா எங்கம்மா அடிக்கும். தெரிஞ்சவங்கதான் சொல்லணும்" என்றாள் யமுனா.

கல்பனா கையில் இருந்த அறிக்கையை இரண்டாக மடித்தாள். ஒரு மாதமாக அவள் அளந்தது ஒரு பெண்ணைத்தான், முப்பத்தாறு பேரை இல்லை.

மணி 10.20. இதைச் சரிசெய்ய வினாடி வினா ஆப்பில் வசதி இருக்கிறது. விடைகளைக் கலைத்துப் போடச் சொன்னால் ஒவ்வொரு டேப்லெட்டிலும் வரிசை மாறி வரும். ஒரு குழுவுக்கு ஏ-வாக இருப்பது இன்னொரு குழுவுக்கு சி-யாக இருக்கும். சைகை பலிக்காது. நான் அதைச் சொன்னதும் கல்பனா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னிக்கி ஒருநாள் வேணாண்டி. அவங்க பாத்துட்டுப் போயிடட்டும். நாளைலருந்து நான் ஒழுங்கா நடத்தறேன். டேப்லெட் போயிடுச்சுன்னா அப்புறம் எத வெச்சு நடத்துவேன்?"

எனக்கும் அதுவே சரி என்று பட்டது, மறைப்பானேன். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள், மூன்று பேர். முன்னால் வருபவர் யார் என்று கேட்டேன். சங்கச் செயலாளர் ஏகாம்பரம், எட்டு விசைத்தறி வைத்திருக்கிறார் என்றாள் கல்பனா. சொல்லும்போதே அவள் முகம் மாறியது. எட்டுத் தறி வைத்திருப்பவருக்கு இழை அறுந்த சைகை தெரியாமலா இருக்கும்? நான் கலைத்துப் போடும் வசதியை ஆன் செய்தேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது பயம்.

பிள்ளைகளிடம் சொல்ல நேரமில்லை. முதல் கேள்விக்கு யமுனா வழக்கம்போல முஷ்டியைச் சுழற்றினாள், எல்லாரும் பி அழுத்தினார்கள், திரையில் பாதிக்கு மேல் சிவப்பு. வகுப்பு யமுனாவைப் பார்த்தது. இரண்டாவது கேள்விக்கும் அதே கதி. மூன்றாவதில் யமுனா கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் மூன்று மூன்று தலையாக டேப்லெட் மேல் குனிந்து, கீழே இருப்பதைப் பெருக்குவதா மேலே இருப்பதைப் பெருக்குவதா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒரு கேள்விக்கு நாற்பது வினாடி ஆனது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. முடிவு பிடிக்கவில்லை. சராசரி 42.

கூட வந்தவர்களில் ஒருவர், இதற்குத் தேசூருக்கே கொடுத்திருக்கலாம் என்று எங்கள் காதுபடச் சொன்னார். ஏகாம்பரம் கல்பனாவைப் பார்த்தார். போன மாதம் தொண்ணூற்றாறு என்று அனுப்பினீர்களே டீச்சர் என்றார். கல்பனா நடந்ததைச் சொல்லிவிட்டாள், ஒத்திகையையும் ஏழாவது கேள்வியையும்கூட.

"தெரியும். அந்தப் பொண்ணு தார் தீந்துபோச்சுன்னு சொல்லிகினே இருந்துச்சு. எந்தத் தறின்னு நானே திரும்பிப் பாத்தேன்" என்றார் ஏகாம்பரம். சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க ஸ்கூல்ல இதே மாதிரி கலச்சுப் போட்டுதான் வெக்கிறீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நான்தான் வெளியூரிலிருந்து வந்த ஆள், தெரிந்தவள். ஆமாம் என்றால் கல்பனா செய்தது ஒரு சின்ன மறதி, நான் வந்து சரிசெய்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

"இல்லைங்க சார். நானும் போட்டதில்ல" என்றேன்.

"அப்போ உங்க பசங்களுக்குக் கணக்கு தெரியுமான்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுங்க."

அவர் திரைப் பக்கம் திரும்பினார். எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தப்பு என்று கேட்டார், காட்டினேன். மற்ற இருவரோடு மரத்தடிக்குப் போய்ப் பேசினார். கால்மணி நேரம். கல்பனா அந்தக் கால்மணியில் கரும்பலகையை மூன்று முறை துடைத்தாள். திரும்பி வந்து, அரையாண்டுப் பரீட்சை வரை டேப்லெட் இங்கேயே இருக்கட்டும், அப்போது இதே செட்டிங்கில் வந்து பார்க்கிறேன், நாற்பத்திரண்டு ஏறியிருந்தால் பிறகு பேசலாம் என்றார். தேசூர் என்று சொன்னவர் காரில் ஏறும்வரை எங்களோடு பேசவில்லை.

2.15 பஸ்ஸில் திரும்பினேன். காஞ்சிபுரம் 4.35. இரண்டு பக்கமும் பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 420 ரூபாய் செலவு.

இதுபோல் போக நினைப்பவர்களுக்கு: வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், பார்க்க வருபவர்கள் முன்னாலேயே வருவார்கள். பத்துக்கு மேல் கருவி இருந்தால் இரண்டு போன் வேண்டும். ஒத்திகையில் திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள். விடைகளைக் கலைத்துப் போடுங்கள், முதல் நாளே. சைகை செய்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். யமுனாவை இப்போது கல்பனா ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பலகைக்கு அழைத்து, ஏன் அந்த விடை என்று சொல்ல வைக்கிறாளாம். முக்காலில் பாதியை அவளே இரண்டு முறை தப்பாகச் சொல்லி, மூன்றாவது முறைதான் சரியாகச் சொன்னாளாம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு ஏகாம்பரம் கேட்ட கேள்விதான். திங்கட்கிழமை இரண்டாவது பீரியட், என் ஏழாம் வகுப்பில் விடைகளைக் கலைத்துப் போட்டு வினாடி வினா வைத்தேன். இவர்களுக்குச் சைகை தேவைப்படவில்லை. ஆப்பில் விடைக்கு ஒரு நிறம் உண்டு; பக்கத்துத் திரையில் எந்த நிறம் அழுத்துகிறார்கள் என்று பார்த்து இத்தனை நாளாக அழுத்தியிருக்கிறார்கள். முந்தின வாரம் 94. அன்று 37. ஆரணியைவிட ஐந்து குறைவு.

முதல் பெஞ்சில் ஒரு பெண், ஆப் கெட்டுப்போய்விட்டதா மிஸ் என்று கேட்டாள். ஆப் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். டேப்லெட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பலகையில் ஒரு வட்டம் வரைந்து, பின்னத்தை முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன்.