சொல்லாமல் விட்ட இடம்

"நான், நான்" என்று சொல்லிக்கொண்டு கதை பேசுகிற எவனையும் லூர்துமேரி நம்பியது கிடையாது. திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு ஆக்கிப் போட்டுவிட்டு வரும் வழியில், வாடகைப் புத்தகக் கடையில் ஒரு நாவல் எடுத்து வருவாள். தங்கை ஜெயம் மண்டிக்காரர் கூலிக்குக் கொடுத்த விதை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, முறத்தில் கொட்டி உடைப்பாள். லூர்துமேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு இருவருக்கும் இருந்த ஒரே சுகம் அதுதான்.

கதை சொல்கிறவன் "அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை" என்று ஆரம்பித்தால் போதும், புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிடுவாள்.

"இவன்தான்டி கொலகாரன். யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்றான் பாரு."

ஜெயத்தின் கை முறத்தில் அப்படியே நின்றுவிடும்.

"பொய்ய தேடாதடி. எத்த சொல்லாம வுட்டான்னு பாரு, அங்கதான் விஷயம் இருக்கும்."

பெரும்பாலும் அவள் சொன்னபடிதான் முடியும். முடியாவிட்டால், எழுதினவனுக்கு எழுதத் தெரியவில்லை என்பாள்.

எண்பத்தாறில் ஜெயத்துக்கு ஒரு வரன் வந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டராக இருந்த அந்தோணிசாமி. மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டவன். முப்பதைத் தாண்டிய ஜெயத்துக்கு இனி இப்படி ஒருவன் அமைவது கஷ்டம். பெண் பார்க்க வந்த அன்றே அவளுக்கு அவனைப் பிடித்தும் போயிற்று.

"நான்தாங்க அவள தூக்கிக்கினு போயி பஸ் ஏத்தனேன். பாண்டிச்சேரி போறதுக்குள்ள போய்ட்டா" என்று சொல்லும்போது அந்தோணிசாமிக்குக் கண் கலங்கியது. லூர்துமேரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"அழுவுற எடத்துல கரெக்டா அழுவறான்டி" என்றாள், அவன் போன பிறகு. "நேர்ல போயி விசாரிச்சிக்கினு வர்றேன்."

"நீ இன்னா சொல்றியோ அதான்க்கா" என்றாள் ஜெயம்.

சனிக்கிழமை பாசஞ்சரில் லூர்துமேரி விழுப்புரம் போனாள். அந்தோணிசாமியின் வீட்டு வாசலில் ஒரு கிழவி கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன மனைவியின் தாயார். இதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லையே! லூர்துமேரி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு துருவினாள்.

"எம்பொண்ண தோள்ல போட்டுக்கினு ஓடனாம்மா அந்தப் புள்ள" என்றாள் கிழவி. "அவ போயும் எனக்கு சோறு போடறான். உன் தங்கச்சிய தைரியமா அனுப்பு."

திரும்பும் ரயிலில் லூர்துமேரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மயிலம் தாண்டுவதற்குள், முறம் இல்லாத வீட்டில் தான் மட்டும் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது.

"வூட்ல மாமியாக்காரிய வச்சிக்கினு இருக்கான்" என்றாள், வந்ததும் வராததுமாக. "நம்மகிட்ட ஒரு வார்த்த சொன்னானா? மறைச்சிட்டான். நான் பாத்துட்டுதான் சொல்றேன், வேணாம்டி."

அத்தனையும் நிஜம். ஆனால் முறத்தில் ஜெயத்தின் கை நின்றுவிட்டது.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவா கெழவி..."

"ஊருக்குப் போய்ட்டு வந்தா டிக்கெட் குடுத்தவன் தும்மனது வரைக்கும் சொல்லுவியேக்கா. அவங்க பேசினத மட்டும் வுட்டுட்ட." ஜெயம் அக்காளின் முகத்தையே பார்த்தாள். "நீ எத்த மறைக்கிற?"

லூர்துமேரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்தான். வாயைத் திறந்ததும் அழுகையாகிவிட்டது.

"மறைக்கிறேன்தான்! நீயும் போய்ட்டா நான் யாருக்குடி படிப்பேன்?"

ஜெயம் எழுந்து வந்து ஒட்டி உட்கார்ந்து, முந்தானையால் அக்காளின் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவலாம் அப்புறம். மொதல்ல அவங்க சொன்னத சொல்லு."

லூர்துமேரி மூக்கைச் சிந்திக்கொண்டு, ரயில் ஏறினதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் விடாமல் சொன்னாள். பாதியிலேயே ஜெயம் முறத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மல்லாட்டை உடைக்க ஆரம்பித்தாள்.