பனியில் நனையாத கேமரா அறைக்குள் நனைந்தது

குற்றாலம் மெயின் அருவியில் சுற்றுலா வருபவர்களைப் படம் எடுப்பது என் தொழில். சாரலுக்காகக் கேமராவை பாலித்தீன் உறையில் போட்டிருப்பேன். என் போட்டோ கடைக்குள் நுழைந்ததும் உறையைக் கழற்றிக் காய வைப்பேன்.

போன குளிர்காலத்தில், ராணுவத்தில் இருக்கும் மைத்துனனைப் பார்க்கக் காஷ்மீர் போனேன். நாளெல்லாம் பனியில் அலைந்தும் கேமராவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அறைக்கு வந்ததும் வழக்கம்போல உறையைக் கழற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் லென்ஸ் வெள்ளையாக மூடிக்கொண்டது. பட்டன் இடுக்கெல்லாம் தண்ணீர். துடைக்கத் துடைக்க வந்தது.

"தண்ணியே படலையேலே, எங்கெருந்துலே வருது?" என்றேன். பிழைப்பே போச்சோ என்று பார்க்க ஆன் பட்டனில் விரலை வைத்தேன்.

"அத்தான், ஆன் பண்ணிராதிய! ரூம் காத்துல உள்ள ஈரம்தான் ஜில்லுன்னு இருக்க கேமரால படியுது. எங்க பைனாகுலரும் இப்படித்தான் வேர்க்கும்" என்றான் மைத்துனன். காலைவரை அதைத் தொடவிடவில்லை. நல்லவேளை, காலையில் வேலை செய்தது. அதன்பிறகு அங்கே இருந்தவரை, அறைக்கு வந்தாலும் கேமராவின் குளிர் விடும்வரை உறையைப் பிரிக்கவே இல்லை.

ஊருக்கு வந்தபிறகும் குழப்பம் தீரவில்லை. சாரலில் நனைந்த உறையை உடனே கழற்ற வேண்டும் என்று தெரிந்தும் கை நின்றுவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல, உறைக்கு மேலேயே கேமராவைத் தொட்டுப் பார்க்கிறேன். ஜில்லென்று இருந்தால் திறப்பதில்லை.